கியர் பெட்டியின் மீது பழி போடுமுன்...

பிழைப்புத் தேடி வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் சென்ற நம் சகோதரர்களில் பலர் முதன்முதலாக வாங்கும் கார் புதிய காராக இருப்பதில்லை. இரண்டு மூன்று கைகள் மாறி வந்த பழைய வண்டியாகவே அது இருக்கும். குடும்பத்தை அழைத்து வந்த பிறகு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் செல்லவும், மாதம் ஒருமுறை மளிகை வாங்கி வரவும் அந்த வண்டியே துணை. அத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் கியர் கொண்டவை. கால்மிதி கிளட்ச் கிடையாது. கம்பியை 'டி' என்ற இடத்தில் வைத்தால் வண்டி தானாகவே கியரை மாற்றிக்கொண்டு போகும்.

அந்த வண்டி ஒருநாள் மூன்றாவது கியரிலேயே நின்றுகொண்டு மேலே ஏற மறுக்கிறது. அல்லது கிளம்பும்போது ஆளைத் தூக்கிப் போடுவதுபோல் உதைக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "கியர் பெட்டி போய்விட்டது, இறக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும்." கியர் பெட்டியை இறக்குவது என்றால் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும். ஊரில் தங்கையின் திருமணத்திற்கோ, பெற்றோரின் உம்ராவுக்கோ ஒதுக்கி வைத்த தொகையைத் தொட வேண்டிய நிலை வந்துவிடும்.

அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் 1980-களின் பிற்பகுதி தொடங்கி வந்த பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியரை மாற்றும் முடிவை எடுப்பது ஒரு சிறு மின்னணுக் கணிப்பொறி. அது நம்பியிருப்பது வயர்களையும் சென்சார்களையும் பேட்டரியையும்தான். அவற்றுள் ஒன்று கெட்டாலும், கியர் பெட்டியே கெட்டுப்போனது போன்ற தோற்றம் உண்டாகும். ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளியுமாறு திருமறையின் 49-ஆவது அத்தியாயமான அல்ஹுஜுராத் நமக்குக் கற்றுத் தருகிறது. மனிதர்கள் விஷயத்தில் கடைப்பிடிக்க வேண்டிய அந்தப் பண்பு, நம் உழைப்பின் பணத்தைச் செலவிடும் விஷயத்திலும் நமக்கு உதவும்.

ஆணையிடுவது யார், கீழ்ப்படிவது யார்?

ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் பற்சக்கரங்களும், அவற்றைப் பிடித்தும் விடுத்தும் கியரை மாற்றும் கிளட்ச் தட்டுகளும் உள்ளன. அந்தத் தட்டுகளை அழுத்துவது எண்ணெய். எந்தத் தட்டுக்கு எண்ணெய் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை வால்வுகள். பழங்கால வண்டிகளில் இந்த வால்வுகளை எண்ணெய் அழுத்தமும் ஒரு கேபிளும் மட்டுமே இயக்கின. பின்னர் வந்தவற்றில் 'சாலினாய்ட்' எனப்படும் சிறு மின்காந்த வால்வுகள் சேர்ந்தன. மின்சாரம் வந்தால் ஒரு வழி திறக்கும், நின்றால் மூடும். இவ்வளவுதான் அதன் வேலை.

1990-களின் டொயோட்டா கேம்ரியை எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியில் மூன்று சாலினாய்டுகள் உண்டு. முதல் இரண்டும் கியரை மாற்றுபவை. மூன்றாவது, நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சினையும் கியர் பெட்டியையும் நேராகப் பூட்டி எரிபொருளை மிச்சப்படுத்துவது. முதல் சாலினாய்டுக்கு மட்டும் மின்சாரம் இருந்தால் ஒன்றாவது கியர். இரண்டுக்கும் இருந்தால் இரண்டாவது. இரண்டாவதற்கு மட்டும் இருந்தால் மூன்றாவது. இரண்டுக்கும் இல்லாவிட்டால் நான்காவதாகிய ஓவர்டிரைவ். நான்கு கியர்களையும் இரண்டே மின்வால்வுகள் ஆள்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு வயர் அறுந்தால் கியர் வரிசை முழுவதும் குழம்பிப்போவதில் வியப்பில்லை.

எந்த நேரத்தில் எந்தச் சாலினாய்டுக்கு மின்சாரம் தருவது என்பதைக் கணிப்பொறி முடிவு செய்கிறது. அதற்குச் செய்தி கொண்டுவருபவை வண்டியின் வேகத்தைச் சொல்லும் சென்சார்கள், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் திராட்டில் சென்சார், எஞ்சினின் சூட்டைச் சொல்லும் சென்சார், கியர் கம்பி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் ஸ்விட்ச், பிரேக் மிதிக்கும் ஸ்விட்ச் ஆகியவை. தூதர் பொய் சொன்னால் அரசர் தவறாகவே ஆணையிடுவார். அதற்காகச் சிப்பாயைத் தண்டிப்பது நியாயமாகாது.

உங்கள் வண்டி எந்த வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அதே காலத்துக் கொரோலாக்களிலேயே சில முழுக்க எண்ணெய் அழுத்தத்தால் இயங்குபவை. சில மின்னணு முறையில் இயங்குபவை. வண்டியின் கையேட்டிலோ, எஞ்சின் அறையில் உள்ள தகட்டிலோ கியர் பெட்டியின் குறியீட்டெண் இருக்கும்.

வண்டி சொல்லும் அறிகுறிகள்

கோளாறு உள்ளே தேய்மானத்தால் வந்ததா, வெளியே மின்சாரத்தால் வந்ததா என்பதை நோயின் போக்கே ஓரளவு காட்டிவிடும்.

தேய்மானம் மெல்ல மெல்ல வரும். சில மாதங்களாகவே கியர் மாறும்போது எஞ்சின் வீணாகச் சுற்றும். எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை வீசும். அடியில் உள்ள தட்டைக் கழற்றினால் உலோகத் துகள்கள் கிடக்கும். முன்னும் பின்னும் எந்தப் பக்கமும் வண்டி நகர மறுக்கும்.

மின்கோளாறு பெரும்பாலும் திடீரென்று வரும். வந்ததுபோலவே திடீரென்று மறையும். வண்டியை நிறுத்திச் சாவியை அணைத்து மறுபடி ஓட்டினால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய மறுநாள், பேட்டரி மாற்றிய மறுநாள், அலாரம் அல்லது பாட்டுப்பெட்டி பொருத்திய வாரம், பலத்த மழைக்குப் பின் என்று ஏதாவது ஒரு நிகழ்ச்சியை ஒட்டித் தொடங்கும். வேகமுள் துள்ளும், அல்லது படுத்துவிடும். டயலில் ஏதேனும் ஒரு விளக்கு சிமிட்டும்.

பல வண்டிகளில் கணிப்பொறி தன் தூதர்களை நம்ப முடியாதபோது ஒரு தற்காப்பு நிலைக்குப் போய்விடும். வண்டி இரண்டாவது அல்லது மூன்றாவது கியரிலேயே நின்று, எப்படியாவது வீடு சேரும் அளவுக்கு மட்டும் ஓடும். இதைப் பார்த்துக் கியர் பெட்டி ஒழிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது கியர் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை.

இங்கே குடும்பத்துப் பெண்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பிள்ளைகளை ஏற்றி இறக்குவது பல வீடுகளில் அவர்கள்தாம். கோளாறு எப்போது வந்தது, எஞ்சின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, ஏ.சி. ஓடியதா, எந்த விளக்கு எரிந்தது என்பவற்றை ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். அரை மணி நேரச் சோதனையைக் காட்டிலும் அந்தத் தாள் நல்ல மெக்கானிக்குக்கு அதிகம் சொல்லும்.

முதலில் எண்ணெய், அடுத்துப் பேட்டரி

மின்சாரத்தைச் சோதிக்கப் புகுமுன் எண்ணெயைப் பார்த்துவிட வேண்டும். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதித்தபடி கியர் கம்பியை எல்லா இடங்களுக்கும் ஒருமுறை கொண்டுபோய், மீண்டும் 'பி'யில் வைத்து அளவுக்கோலை எடுத்துப் பாருங்கள். டொயோட்டாக்களில் இதுவே முறை. அளவு குறைவாக இருந்தால் முதலில் ஒழுக்கைத் தேடுங்கள். எண்ணெய் தீய்ந்த வாடை வீசினால் மின்சோதனை மட்டும் போதாது.

எண்ணெய் நன்றாக இருந்தால் அடுத்தது பேட்டரி. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மின்சாரம் மிஞ்சியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.8 வரை இருக்க வேண்டும். ஏ.சி., முகப்பு விளக்கு, பின் கண்ணாடிச் சூடேற்றி ஆகிய எல்லாவற்றையும் போட்டபிறகு அது 13-க்கும் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ சந்தேகிக்கலாம். வளைகுடாவின் வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. ஆகவே கியர் கோளாறு என்று வந்த வண்டியில் பேட்டரியின் வயதைக் கேட்பது வேண்டாத கேள்வி ஆகாது.

மூன்றாவது, எர்த். நாம் குறிப்பிட்ட கேம்ரியின் சாலினாய்டுகளுக்கு ஆளுக்கொரு வயர் மட்டுமே உண்டு. மறுமுனை கியர் பெட்டியின் உடலோடு சேர்ந்திருக்கிறது. எனவே மின்சாரம் திரும்பிப் போகும் வழி, எஞ்சினையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் இணைக்கும் எர்த் வயர்தான். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் இருபது முப்பது ஆண்டுகள் இருந்த வயரின் முனையில் துருவும் களிம்பும் படிந்திருக்கும். எஞ்சின் ஓட, விளக்குகளும் ஏ.சி.யும் வேலை செய்யும்போது மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் உலோகத்திலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 முதல் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறினால் அந்த இணைப்பைக் கழற்றி, பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். பெரிய செலவு எதுவுமின்றிப் பல கோளாறுகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடுவது உண்டு.

சிமிட்டும் விளக்கின் மொழி

டொயோட்டாவின் டயலில் 'ஓ.டி. ஆஃப்' என்ற விளக்கு இருக்கிறது. கம்பியில் உள்ள பொத்தானை அழுத்தி ஓவர்டிரைவை நிறுத்தினால் அது நிலையாக எரியும். அது இயல்பானது. ஓவர்டிரைவ் அனுமதிக்கப்பட்ட நிலையில், ஓடும்போது அந்த விளக்கு தானாகச் சிமிட்டத் தொடங்கினால், கணிப்பொறி ஒரு மின்கோளாற்றைக் கண்டுபிடித்து நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். அதே காலத்து ஹோண்டா அக்கார்டில் 'டி4' விளக்கு சிமிட்டும்.

அந்த நினைவை வெளியே கொண்டுவர வழி இருக்கிறது. எஞ்சின் அறையில் மூடியிட்ட சிறு பெட்டி போன்ற சோதனைக் கனெக்டர் இருக்கும். மூடியின் உட்புறத்தில் துளைகளின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்பி, ஓவர்டிரைவ் பொத்தானை அனுமதித்த நிலையில் வைத்து, 'டி.இ.1', 'இ.1' என்ற இரு துளைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் விளக்கு பேசத் தொடங்கும். நொடிக்கு இரண்டு முறை வீதம் இடைவிடாமல் சிமிட்டினால் நினைவில் கோளாறு ஏதுமில்லை. கோளாறு இருந்தால் எண்ணாகச் சொல்லும். நான்கு முறை சிமிட்டி, ஒன்றரை நொடி நின்று, மீண்டும் இரண்டு முறை சிமிட்டினால் அது 42.

42 என்றால் வேகமுள்ளோடு தொடர்புடைய முதலாவது வேக சென்சார். 61 என்றால் கியர் பெட்டியில் உள்ள இரண்டாவது வேக சென்சார். 62 முதலாவது சாலினாய்ட், 63 இரண்டாவது, 64 பூட்டும் சாலினாய்ட். துளைகளை மாற்றி இணைத்துவிடக் கூடாது என்பதால் பெயரை இருமுறை படித்துவிட்டே வயரைச் செருகுங்கள்.

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியான சோதனை முறை கட்டாயமாக்கப்பட்டது. அங்கிருந்து வந்த வண்டியானால் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கனெக்டரில் ஒரு ஸ்கேனரைச் செருகினாலே எண் கிடைத்துவிடும். பி0705 கியர் கம்பியின் ஸ்விட்சையும், பி0720 வெளிச்செல்லும் வேகத்தின் சென்சாரையும், பி0740 பூட்டும் கிளட்சையும், பி0750 முதல் சாலினாய்டையும் குறிக்கும். வளைகுடாவுக்கென்று வந்த வண்டிகளில் அதற்குப் பின்னும் பழைய கனெக்டர் இருக்கக்கூடும். இரண்டையும் தேடிப் பாருங்கள்.

எண் சொல்வதும் சொல்லாததும்

இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 62 என்று வந்தவுடன் சாலினாய்டை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண் குறிப்பது சாலினாய்டை மட்டுமன்று. கணிப்பொறி முதல் சாலினாய்ட் வரையிலான மின்பாதை முழுவதையுமே குறிக்கிறது. இடையில் உள்ள கனெக்டரில் களிம்பு ஏறியிருந்தாலும், எஞ்சின் சூட்டில் வயரின் உறை வெடித்து உடலில் உரசினாலும் அதே 62-தான் வரும்.

மறுபுறம், எண் வராததாலேயே கோளாறு இல்லை என்றும் ஆகிவிடாது. சாலினாய்டுக்கு மின்சாரம் சரியாகப் போய், உள்ளே அழுக்கு சேர்ந்து வால்வு ஒட்டிக்கொண்டால் கணிப்பொறிக்கு அது தெரியாது. அறுந்ததையும் உரசுவதையும் மட்டுமே அது அறியும். இன்னொரு விந்தையும் உண்டு. இந்த டொயோட்டாக்களில் இரண்டு வேக சென்சார்களும் ஒரே நேரத்தில் கெட்டால் எண் எதுவும் பதிவாகாது. வண்டி ஒன்றாவது கியரைத் தாண்டாது. கணிப்பொறியின் கண்ணுக்கு வண்டி நின்றுகொண்டே இருக்கிறது. நிற்கும் வண்டிக்கு இரண்டாவது கியர் எதற்கு?

சூடு ஏறினால் ஏன் முரண்டு பிடிக்கிறது?

"காலையில் நன்றாக ஓடுகிறது, மதிய நெரிசலில் மாட்டினால் கியர் மாறுவதில்லை" என்ற புகார் அடிக்கடி கேட்பது. அதன் ஒரு காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம்.

மேற்சொன்ன சாலினாய்டுகளின் மின்தடை, குளிர்ந்த நிலையில் 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி, சாலினாய்டின் முனைக்கும் கியர் பெட்டியின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்தால் இது தெரியும். சுருளில் உள்ள செம்புக் கம்பியின் தடை, ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 13 ஓம் இருந்த சுருள், எண்ணெய் 100 டிகிரியை எட்டும்போது 17 ஓம் ஆகிவிடுகிறது. 12 வோல்ட்டில் 0.92 ஆம்பியர் ஓடிய இடத்தில் 0.70 ஆம்பியர்தான் ஓடும். ஆல்டர்னேட்டர் தளர்ந்தோ எர்த் கெட்டோ 11 வோல்ட் மட்டுமே சென்று சேர்ந்தால் அது 0.65 ஆகிறது. மின்காந்தத்தின் இழுவிசை குறைந்து, அழுக்கேறிய வால்வு நகர மறுக்கிறது. நல்ல வண்டியில் இந்தச் சூட்டைத் தாங்கும் அளவுக்கு வலிமை மிச்சம் இருக்கும். பேட்டரி, எர்த், களிம்பு, அழுக்கு ஆகிய நான்கும் சேர்ந்து அந்த மிச்சத்தைத் தின்றுவிட்டால்தான் தொல்லை.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போய், தேய்ந்த ரப்பர் வளையங்களின் வழியே கசிந்தாலும் இதே அறிகுறி வரும். சூடான நேரத்தில் கோளாறு என்பது மின்கோளாறுக்குச் சான்று ஆகாது. சூடான நேரத்திலேயே மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்கே அது சான்று.

சிறிய ஸ்விட்சுகள், பெரிய குழப்பங்கள்

பாலைச் சாலையில் குடும்பத்தோடு நிற்கிறீர்கள். கம்பி 'பி'யை விட்டு அசையவே இல்லை. கியர் பெட்டி இறுகிவிட்டது என்று மனம் பதறும். பதறாமல் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக்கை மிதியுங்கள். பிரேக் விளக்கு எரியவில்லையானால் காரணம் பெரும்பாலும் அங்கேதான். பிரேக் மிதித்தால் மட்டுமே கம்பியை விடும் பூட்டு பல வண்டிகளில் உண்டு. பிரேக் விளக்கின் ஃபியூஸ் போனாலும், மிதிக்கு மேலுள்ள ஸ்விட்ச் கெட்டாலும் அந்தப் பூட்டுக்குச் செய்தி போகாது. கம்பியின் அருகிலுள்ள சிறு விடுவிப்புப் பொத்தானை அழுத்தி வண்டியை நகர்த்தலாம். ஆனால் பிரேக் விளக்கு இல்லாமல் சாலையில் ஓட்டுவது ஆபத்து. ஃபியூஸை மாற்றிய பிறகே புறப்படுங்கள். அதே ஸ்விட்ச் எப்போதும் 'ஆன்' ஆகவே சிக்கிக்கொண்டால் பூட்டும் கிளட்ச் ஒருபோதும் பிடிக்காது. எண்ணெய் சூடாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

'பி'யில் ஸ்டார்ட் ஆகாமல் 'என்'னில் மட்டும் ஸ்டார்ட் ஆனாலோ, பின்செல்லும் விளக்கு எரியாவிட்டாலோ, கியர் கம்பியோடு இணைந்த ஸ்விட்ச் நகர்ந்திருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் ஓவர்டிரைவ் வரவில்லையானால் சூட்டுச் சென்சாரைப் பாருங்கள். டொயோட்டாவில் அதன் தடை 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம் வரை இருக்கும். எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று அது பொய் சொன்னால் கணிப்பொறி நான்காவது கியரைத் தடுத்து நிறுத்தும். ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதிக்கும்போது கியர் ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறினால் திராட்டில் சென்சாரின் பாதை தேய்ந்திருக்கலாம். மெல்ல மிதிக்க மிதிக்க அதன் வோல்ட் இடையில் விழாமல் சீராக ஏற வேண்டும்.

இரு பக்கமும் கேட்கும் சோதனை

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், கணிப்பொறியை விலக்கிவிட்டுக் கியர் பெட்டியை மட்டும் விசாரிக்கும் முறை ஒன்று உண்டு. நாம் எடுத்துக்கொண்ட டொயோட்டா வகையில், சாலினாய்டுகளுக்குச் செல்லும் கனெக்டரைக் கழற்றிவிட்டு, வெறிச்சோடிய பாதையில் மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது கம்பி 'எல்'லில் இருந்தால் ஒன்றாவது கியர், '2'இல் இருந்தால் மூன்றாவது, 'டி'யில் இருந்தால் ஓவர்டிரைவ் ஆகியவை வந்தாக வேண்டும். இவை ஒழுங்காக வந்தால் குற்றவாளி வெளியே, மின்பாதையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இவையும் வரவில்லை என்றால் குறை கியர் பெட்டிக்குள்ளேதான். அப்போது பட்டறைக்காரர் சொன்னதே சரி. கேட்பதற்கு எளிய இந்தச் சோதனையைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் உடன் இருக்கும்போதே செய்யுங்கள். வேகத்தில் போகும்போது 'எல்'லுக்குத் தள்ளக் கூடாது. முடிந்ததும் கனெக்டரை மாட்டி, சாவியை அணைத்து, இ.எஃப்.ஐ. ஃபியூஸைப் பத்து நொடிகளுக்குக் குறையாமல் எடுத்து வைத்தால் பதிந்த எண்கள் அழியும். அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ள மறவாதீர்கள். ஓட்டியபின் மீண்டும் வரும் எண்ணே உண்மையான சாட்சி.

எச்சரிக்கைகள்

சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்காமல் சோதனை செய்யாதீர்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். ஓம் அளக்கும்போது அந்தப் பாதையில் மின்சாரம் இருக்கக் கூடாது. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் காற்றுப்பையைச் சேர்ந்தவை. அவற்றைத் தொடவே வேண்டாம். கணிப்பொறியின் முனைகளில் பல்பு வைத்த பழைய சோதனைக் கம்பியைச் செருகினால் நல்ல கணிப்பொறியும் கெடும். பிள்ளைகளை வண்டிக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் இருத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பட்டறையில் பேசும் முறை

"கியர் பெட்டியைப் பாருங்கள்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். "முதலில் பேட்டரி, எர்த், எண் ஆகியவற்றைப் பாருங்கள்; என்ன எண் வந்தது என்பதை எழுதித் தாருங்கள்; பெட்டியை இறக்குமுன் என்னைக் கேளுங்கள்" என்று மரியாதையோடு சொல்லுங்கள். மின்வேலை அறிந்தவரும் கியர் வேலை அறிந்தவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். இருவரையும் கேட்பது நல்லது. மெக்கானிக்கின் நேர்மையை எடுத்த எடுப்பிலேயே சந்தேகிப்பதும் சரியன்று. நாற்பத்தொன்பதாவது அத்தியாயம் தீய எண்ணத்தையும் தவிர்க்கச் சொல்கிறது அல்லவா? அவர் தன் அனுபவத்தில் பார்த்ததைச் சொல்கிறார். சான்று கேட்பது நம் பொறுப்பு.

ஒரு மணி நேரம் தேடி, ஒரு வயரை மட்டும் ஒட்டித் தந்த எலக்ட்ரீஷியனிடம் "இதற்கா இவ்வளவு கூலி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வயரை ஒட்ட ஐந்து நிமிடம். அது எந்த வயர் என்று கண்டுபிடிக்கவே மிச்ச நேரம். கண்டுபிடித்ததற்கே அவருக்குக் கூலி. உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த மார்க்கத்தில் நாம் இருக்கிறோம்.

விற்கும் நாளிலும் நம் மார்க்கம் நம்மோடு வர வேண்டும். பதிந்த எண்ணை அழித்துவிட்டு, விளக்கு சிமிட்டாத அந்த இரண்டு நாள் இடைவெளியில் வண்டியைத் தள்ளிவிட நினைப்பவர்கள் உண்டு. சிமிட்டும் விளக்கின் பல்பையே பிடுங்கிவிடுபவர்களும் உண்டு. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்த நிகழ்ச்சி நமக்குத் தெரியும். அழிக்கப்பட்ட எண்ணும் மூடி மறைத்த ஈரமும் ஒன்றே. நாம் விற்கும் வண்டியில் நாளை ஏறப்போவது இன்னொரு குடும்பம். இன்னொரு வீட்டின் பிள்ளைகள். குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையலாம். வருகின்ற காசு ஹலாலாக இருக்கும்.

வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிகின்றனவா, ஓவர்டிரைவ் பொத்தானை அழுத்தினால் அதன் விளக்கு வருகிறதா என்று பாருங்கள். வரவேண்டிய விளக்கு வரவில்லையானால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

சுருக்கமாக வரிசை

1. அறிகுறியைத் தேதியோடு எழுதுங்கள்.
2. எண்ணெயின் அளவு, நிறம், வாடை.
3. பேட்டரி, ஆல்டர்னேட்டர் வோல்ட்.
4. எர்த் இணைப்பு, ஃபியூஸ்கள், பிரேக் விளக்கு.
5. பதிந்த எண்ணைப் படித்தல்.
6. அந்த எண்ணின் பாதையில் கனெக்டர், வயர், பின்னர் சென்சார் அல்லது சாலினாய்ட்.
7. கனெக்டரைக் கழற்றி ஓட்டும் சோதனை.
8. இவ்வளவுக்கும் பிறகே கியர் பெட்டியை இறக்கும் பேச்சு.

முதல் நான்கையும் மீட்டரோடு ஒரு முற்பகலில் முடித்துவிடலாம். அதன் பிறகும் குறை கியர் பெட்டிக்குள்தான் என்று தெரிந்தால், மனநிறைவோடு செலவு செய்யுங்கள். அது வீண் விரயம் ஆகாது. தெரியாமல் செய்யும் செலவே விரயம். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் நம் கையில் உள்ள ஓர் அமானிதம். அதைச் சரியான இடத்தில் செலவிடும் தெளிவையும், நம் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான பயணத்தையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக!